பதினான்காம் எண் பிரஸ்

2024 நவம்பர் 11, திங்கள்

காலை 8.30 முதல் மதியம் 12.30 வரை. நாலு மணி நேரம். ஏழு தடவை.

கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டும் பதினான்காம் எண் பிரஸ்ஸை விட்டு ஆள் எழுந்து பாத்ரூம் பக்கம் போன கணக்கு இது. மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிஷம். மற்ற பதினைந்து பேரின் சராசரி இரண்டு தடவை, பதினொரு நிமிஷம். இந்த ஷூ ஃபேக்டரியில் வேலை நேரம் அளக்கும் பிரிவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை.

கேமராப் பதிவை ஓட்டித்தான் எண்ணினேன். ஸ்டாப்வாட்சோடு நேரில் போய் நின்றால் எல்லாரும் ஒழுங்காகிவிடுவார்கள்.

பதினான்காம் எண்ணில் வேலை செய்பவர் கவுஸ் பாஷா. என்னைப் பெற்ற அத்தா.

எண்ணைக் குறைத்துப் போடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்த்தால் அளவு எதற்கு? 'உதாரணம்: எண் 14' என்று ரிப்போர்ட்டில் போட்டேன். பெயர் போடவில்லை, அது முறையும் இல்லை.

ஏன் போகிறார் என்று தெரியும். பீடி. விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. திரும்பி வரும்போதெல்லாம் பாத்ரூம் நடையில் நின்று, குனிந்து, பேன்ட்டைத் தடவிக்கொள்கிறார். பாக்கெட்டில் தீப்பெட்டி தெரிகிறதா என்று பார்க்கிறார் போல. 'காரணமில்லாத நிறுத்தம், 20 நொடி' என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 13, புதன்

ரிப்போர்ட்டில் செக்‌ஷன் சூப்பர்வைசரின் கையெழுத்து வேண்டும். கன்னியப்பன் மாமா. அத்தாவும் அவரும் முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"பதினாலு யாருன்னு தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் மாமா."

"தெரிஞ்சேவா?"

கையெழுத்துப் போட்டார். பேனாவை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார்.

நவம்பர் 20, புதன்

கட்டிங் செக்‌ஷனுக்கு அட்டை வந்துவிட்டது. பதினாறு பேருக்கு ஒரே அட்டை. பாத்ரூம் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள். ஷிப்டுக்கு ஒருவருக்கு இரண்டு தடவை. அட்டை இருப்பது கன்னியப்பன் மாமா மேஜையில். அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

இதை நான் சிபாரிசு செய்யவில்லை. 'இழந்த நேரம்' என்று மட்டும்தான் எழுதினேன். வைத்தியம் மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்தது.

சாப்பிடும்போது அத்தா சொன்னார்: "ஒரே தட்டுல துன்னவன். மேல போட்டுக் குடுத்துட்டான் பாரு கன்னியப்பன்."

"அவர் எதுக்குங்க போட்டுக் குடுக்கணும்?" என்றாள் அம்மா.

"பின்ன யாரு எண்ணுவா? அவன் மேஜ எனக்கு நேரா கீது. 'கவுஸு, உன் ரெண்டு முடிஞ்சிபோச்சு'ன்றான். எல்லாரும் பாக்குறாங்க. சின்னப் பொண்ணுங்க கீதுங்க அங்க."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

நவம்பர் 21, வியாழன்

சொல்லவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு அத்தாவோடு பள்ளிவாசலுக்குப் போனேன். அவர் எப்போதும் முதல் வரிசை ஆள். இன்று கடைசி வரிசையில், கதவை ஒட்டி நின்றார். வீட்டுக்கு வந்ததும் லுங்கி மாற்றி, மறுபடியும் கை, கால், முகம் கழுவி ஒளு செய்து, உள்ளறையில் தனியாகத் தொழுதார்.

"இன்னாத்தா, ஒரு தொழுகைக்கு ரெண்டு தொழுகையா?"

"போய் உன் வேலயப் பாரு."

அம்மா வேறொன்று சொன்னாள். காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் ஒரு வாரமாக அப்படியே திரும்பி வருகிறதாம். டிஃபன் பையில் ஒரு பேன்ட்டை மடித்து எடுத்துப் போகிறாராம். "கேட்டா எரிஞ்சி விழுறாரு. நீ கேளேன்." கேட்கிறேன் என்றேன். பிடிவாதக்காரரிடம் என்ன கேட்பது? போதாததற்குச் சளி வேறு. மெடிக்கல் ஷாப்பில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

டிசம்பர் 5, வியாழன்

மதியம் 2.40க்குக் கன்னியப்பன் மாமா போன் செய்தார். "கீழ வா. உங்க அத்தா எழுந்துக்க முடியாம கீறான்."

பாத்ரூம் நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அட்டை. சட்டை முழுக்க வேர்வை. காலை ஆறு மணிக்குப் பிறகு மூத்திரம் ஒரு சொட்டு வரவில்லையாம். அடிவயிறு கல் மாதிரி மேலே எழுந்திருந்தது. தொட்டதும் கையைத் தட்டிவிட்டார்.

பக்கத்துக் கிளினிக்கில் ட்யூப் போட்டார்கள். 1,150 மில்லி. பையில் கோடு போட்டிருந்தது, நான் படித்தேன். ஆள் உயிர் போகிற வலியில் இருக்கிறார், எனக்குக் கோடு கண்ணில் படுகிறது.

வலி விட்டதும் அல்ஹம்துலில்லாஹ் என்றார், வாய்க்குள். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது கன்னியப்பன் மாமா.

"நீ வெளிய போ," என்றார்.

மாமா போய்விட்டார். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

வேலூர். ஆஸ்பத்திரியில் டாக்டர் காசிநாதன் பார்த்தார். ப்ராஸ்டேட் வீக்கம். இருபது, இருபத்தைந்து கிராம் இருக்க வேண்டியது ஐம்பத்திரண்டு. நடு மடல் வேறு மேலெழும்பி மூத்திரப்பையின் வாயை அடைக்கிறது. புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. ஒரு வாரம் ட்யூப், மாத்திரை. அதன் பிறகு ட்யூபை எடுத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் கேட்கக் கேட்க அத்தா தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு வருஷமாக இருக்கிறதாம். போக வேண்டும் என்று தோன்றும், போனால் வராது. வந்தாலும் முடியாது. எழுந்து வந்த பிறகு சொட்டும். "துணியில பட்டா ஒளு போயிடும் சார். தொழ முடியாது. அதனால நின்னு நின்னு பாத்துக்குவேன்."

ஆக, பீடி இல்லை.

நான் கேட்டேன்: "அடக்கினதாலதான் அடைச்சிக்கிச்சா டாக்டர்?"

"அதுவும் சேரும். தண்ணி குடிக்காதது, சளி மாத்திரை, எல்லாம் சேரும். சில சளி மாத்திரை இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஆகவே ஆகாது. ஆனா அடிப்படையில நோய் இருந்துச்சு. இதுக்கு இவ்ளோ பங்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"ஏறக்குறைய எவ்வளவு?"

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

டிசம்பர் 8, ஞாயிறு

கன்னியப்பன் மாமா சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தார். அத்தா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாதான் டீ கொடுத்து இரண்டு வார்த்தை பேசினாள். வெளியே வண்டி வரைக்கும் நான் கூடப் போனேன்.

"மாமா, நான் இன்னும் அவர்கிட்ட..."

"தெரியுது. சொல்லியிருந்தா அவன் செவுத்தப் பாப்பானா?"

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா? அப்பனுக்கும் புள்ளைக்கும் நடுவுல பூந்து கலகம் பண்ற வேல எனக்கு வாணாம்பா. கேன்டீன்ல என் எதிர்ல உக்கார்றதில்ல. போறவன் வர்றவன்கிட்டல்லாம் என்னத் திட்டுறான். சரி, கவுஸுதானே, திட்டட்டும்." வண்டியை மிதித்தார். கிளம்பவில்லை. இன்னொரு மிதி. "எத்தினி நாளுன்னு மட்டும் என்னக் கேக்காத. நீதான் எண்ற ஆளு. எண்ணிக்க."

அட்டை வந்து பதினெட்டு நாள்.

டிசம்பர் 9, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் ட்யூபை எடுத்தார்கள். மாத்திரை வேலை செய்திருந்தால் தானாகப் போக வேண்டும். ஆறு மணி நேரம் வராந்தாவில் நடந்தார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். வரவில்லை. மறுபடி ட்யூப். போடும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

இனி மாத்திரை போதாது. டாக்டர் நாலு வழி சொன்னார். எதற்கும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

லேசர்: வளர்ந்த சதையை உள்ளேயே சுரண்டி எடுப்பது. உடனே பலன், நீண்ட நாள் நிற்கும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உறவின்போது விந்து வெளியே வராமல் உள்பக்கம் போய்விடும். சிலருக்குச் சில வாரம் ஒழுகும்.

நீராவி: ஊசி வழியாக ஆவியைச் செலுத்திச் சதையைச் சுருங்க வைப்பது. பத்து நிமிஷ வேலை. அதன் பிறகு ஒரு வாரம் வரை ட்யூப், சில வாரம் எரிச்சல். முழுப் பலனுக்கு மூன்று மாதம் ஆகலாம். சிலருக்குச் சில வருஷம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டி வரும். விந்து விஷயத்தில் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

ரத்தக்குழாய் வழி: ப்ராஸ்டேட்டுக்குப் போகிற ரத்தத்தைக் குறைப்பது. அதுவும் மெதுவாகத்தான் பலிக்கும்.

கிளிப்: சதையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி வழி விடுவது. நடு மடல் இப்படி இருப்பதால் அத்தாவுக்குச் சரிப்படாது என்றார்.

"அவசரமில்ல. வீட்ல பேசிட்டு வாங்க," என்றார் டாக்டர். பேச என்ன இருக்கிறது? எக்செல் போட்டேன். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு மதிப்பு, மொத்தம் நூறு. ஒரே தடவையில் முடிவது: 40. வேகமாகப் பலன்: 25. நீண்ட நாள் நிற்பது: 20. வலி, எரிச்சல்: 10. ஒழுகல்: 5, தற்காலிகம்தானே. உறவு, விந்து: ஐம்பத்தெட்டு வயசு. 0.

லேசர் 84. நீராவி 59. ரத்தக்குழாய் 55.

டிசம்பர் 15, ஞாயிறு

தாளைக் காட்டி விளக்கினேன். அத்தா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். யூரின் பை கட்டில் காலில் தொங்கியது.

"லேசர் வெச்சா ஒழுவும்னு சொன்னாரே டாக்டர்?" அம்மா கேட்டாள்.

"எல்லாருக்கும் இல்லம்மா. வந்தாலும் சில வாரம்தான். நின்னுடும்."

தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த அத்தாவின் விரல் நின்றது. பார்த்தேன். அடுத்த அம்சத்துக்குப் போய்விட்டேன்.

"நீ படிச்சவன்," என்றார் கடைசியில். "நீ சொல்றதே செய்யலாம்."

டிசம்பர் 24க்குத் தேதி வாங்கிவிட்டேன். இன்னும் ஒன்பது நாள். அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. அவர் எழுந்து நடமாடும்போது சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 18, புதன்

ஆபரேஷனுக்கு முன் ஒரு நர்ஸ் உட்கார வைத்துப் பேசுவார்களாம். பெயர் ஜாஸ்மின். என் வயதுதான் இருக்கும். ஃபைலைப் பிரித்தார், அதில் செருகியிருந்த என் தாளைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"டெக்னிகலா எதுனா கேக்கணும்னா நான்தான் சிஸ்டர். முடிவு எடுத்ததே நான்தான்."

"தாளைப் பாத்தாலே தெரியுது. அதனாலதான் சொல்றேன்."

நாற்பது நிமிஷம். அம்மாவும் உள்ளே. வெளியே வந்தபோது இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தேதிய நிறுத்தி வெச்சிருக்கோம். அவங்க யோசிச்சுச் சொல்லட்டும்," என்றார் ஜாஸ்மின்.

பஸ்ஸில் அத்தா முன் சீட்டில், மடியில் பையோடு. அம்மா என் பக்கத்தில். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"அந்தத் தாள்ல ஒரு எடத்துல சைபர் போட்டிருக்கியாமே."

எனக்குக் காது சுட்டது.

"அந்தப் பொண்ணு ஒண்ணொண்ணா படிச்சிக் காட்டிச்சி. யாரக் கேட்டு போட்ட?"

"இல்லம்மா, வயசு..."

"எந்த வயசு? யாரு வயசு?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சைபராம்."

டிசம்பர் 19, வியாழன்

ஆபீசில் உட்கார்ந்து அந்த எக்செல்லைத் திறந்தேன். மதிப்புகளை மாற்றிப் பார்த்தேன். ஒழுகலுக்கு 30, உறவுக்கு 20, வேகத்துக்கு 5. நீராவி மேலே வருகிறது. எப்படி மாற்றினாலும் ஏதோ ஒன்று மேலே வரும். கணக்கில் தப்பே இல்லை. அந்த நாற்பதை எவன் போட்டான்? ஒரே தடவையில் முடிய வேண்டும் என்று யாருக்கு அவசரம்?

அத்தா சொன்னாரா? ஒரு தடவை? அவருக்குப் பிரஸ் பக்கத்தில் நிம்மதியாக நிற்க வேண்டும், முதல் வரிசையில் துணி நனையாமல் நிற்க வேண்டும், மற்றது அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில். இதில் எதிலாவது ஒரே தடவை என்று இருக்கிறதா? எனக்குத்தான் முடியணும். காலையில அவரை உள்ள தள்ளிட்டு, சாயந்தரம் நான் சுத்தமா வெளிய வரணும். அதுக்கு நாப்பது மார்க்கு. அவர் ஒடம்பு, என் பாவம், ஒரே பில்லுல.

அப்பனாண்ட வாயத் தொறந்து 'இன்னாத்தா வேணும்'னு கேக்க இன்னாடா கஷ்டம் உனக்கு? ஏழு தடவ போனாரே, ஒரு தடவ பின்னாலயே போய் 'இன்னாத்தா ஒடம்புக்கு'ன்னு கேட்டிருந்தா? வேற எவனாவது ஏழு தடவ போயிருந்தா கேட்டிருப்பேன். கேட்டேனே, போன வருஷம், லாஸ்டிங் பிரிவுல ஒரு பையன. வயித்துப்போக்குன்னு சொன்னான், விட்டுட்டேன். அத்தான்னுதான் கேக்கல. அத்தான்னா எனக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருச்சி.

டிசம்பர் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. பையைக் காலி செய்யும் வேலை என்னுடையது. கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அதோடு நின்று சொல்வது சரியில்லை என்று தோன்றியது, ஆனால் கீழே வைத்தால் சொல்ல மாட்டேன் என்றும் தெரிந்தது.

"அத்தா, எண்ணினது கன்னியப்பன் மாமா இல்ல. நான்."

"எத?"

"நீங்க எழுந்து போனத. கேமராவுல பாத்து எழுதினேன். ரிப்போர்ட் என்னுது. அட்ட வந்தது அதனாலதான்."

என் கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கேமரா எங்கெங்க கீது?"

"கட்டிங்ல ரெண்டு. நடையில ஒண்ணு."

"நடையிலயா?"

"ஆமாத்தா."

"அங்கதான் நின்னு பேன்ட்டப் பாத்துக்குவேன். நனைஞ்சிருக்குதான்னு. ஆளுங்க பாக்கக் கூடாதுன்னு செவுத்துப் பக்கமா திரும்பிப் பாப்பேன்." என் முகத்தைப் பார்த்தார். "அதையும் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னான்னு நெனச்ச?"

"தீப்பெட்டி... பீடின்னு நெனச்சேன்."

திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கையை நீட்டினார்.

"பைய குடு. நானே ஊத்திக்கறேன்."

டிசம்பர் 23, திங்கள்

பேசவில்லை. அவரே ஊற்றிக்கொள்கிறார்.

டிசம்பர் 25, புதன்

ஃபேக்டரி லீவு. பதினோரு மணிக்கு அத்தா சட்டை போட்டார், யூரின் பையை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கையில் பிடித்தார், செருப்பை மாட்டினார். கூட வரட்டுமா என்றேன். அம்மா கண் காட்டினாள். பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன்.

இரண்டு தெரு. கன்னியப்பன் மாமா வீட்டு வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். நான் முனையில் மளிகைக்கடை மறைவில் நின்றுவிட்டேன்.

"இன்னா கவுஸு, கையில பையி? மார்க்கெட்டா?"

"மார்க்கெட்டா? நீ உன் அட்டைய உன் மேஜ மேலயே மாட்டி வெச்சிக்கடா. எனக்கு இனிமே வாணாம். நின்ன எடத்துலயே போறேன்."

மாமா துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அத்தாவும். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

பிறகு அத்தா குரல், தணிவாக: "உனக்குத் தெரியுமா அவன்தான்னு?"

"கையெழுத்துப் போட்டவன் நானாச்சே."

"சொல்லியிருக்கலாமில்லடா. எத்தினி பேராண்ட உன்னப் பேசிட்டேன்."

"பேசினதுல பாதி நெஜம்தான் போ. உள்ள வா. அந்தப் பைய எங்க மாட்றது, ஆணி எதுனா வேணுமா?"

உள்ளே போய்விட்டார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

இரண்டாவது ரிப்போர்ட் கொடுத்தேன். எண் 14 குறித்த என் குறிப்பு தவறு, ஆளைக் கேட்காமல் காரணம் எழுதினேன், 'காரணமில்லாத நிறுத்தம்' என்று எழுதிய அந்த நிறுத்தத்துக்குக் காரணம் இருந்தது, அட்டையை எடுக்க வேண்டும். ஒரு பக்கம்.

மேனேஜர் படித்தார். "உங்க அப்பான்றதால இப்படி எழுதறீங்களா?"

"முதல் ரிப்போர்ட்டத்தான் சார், அவர் எங்க அப்பான்றதால அப்படி எழுதினேன்."

அவருக்குப் புரியவில்லை. சாயந்தரம் பதில் வந்தது: அட்டை இருக்கும். டாக்டர் லெட்டர் இருப்பவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. பாதி. நான் எழுதியதில் ஒரே வாரத்தில் வந்தது அட்டை. எடுக்க எத்தனை பக்கம் எழுத வேண்டுமோ.

டிசம்பர் 30, திங்கள்

அத்தா வேலூர் போய்விட்டு வந்தார். அம்மாவோடும் கன்னியப்பன் மாமாவோடும். நான் வேலைக்குப் போனேன்.

நீராவி. ஜனவரி 9.

அம்மாதான் விவரம் சொன்னாள். ஜாஸ்மின் மறுபடியும் உட்கார வைத்துப் பேசியதாம். ஒரு தடவை ட்யூப் இல்லாமல் போக முடியாமல் ஆனவர்களுக்கு நீராவி நூறு சதவீதம் பலிக்கும் என்று சொல்ல முடியாது, சரிவராவிட்டால் பிறகு லேசர் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னாராம். அத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ட்யூப் இருக்கற நாள்ல தொழுகைக்கு சலுகை கீது, பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேட்டுட்டேன். அது போனப்புறம் ஒழுவக் கூடாது. அவ்ளோதான் எனக்கு," என்றாராம். மற்றதை அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது அத்தா என்னைப் பார்க்காமல், ஆனால் என்னிடம்தான், சொன்னார்: "முழுசா சரியாவ மூணு மாசம் ஆவுமாம். எரியுமாம் கொஞ்ச நாளு. ஆவட்டும்."

மார்ச்சில் நோன்பு வருகிறது, அதற்குள் ஆகாதே, லேசர் என்றால் ஆகியிருக்குமே என்று நாக்கு நுனி வரை வந்தது. தண்ணீர் குடித்தேன்.

"சரிங்கத்தா," என்றேன். எட்டு நாளில் எங்களுக்குள் நடந்த பேச்சு இதுதான்.

2025 ஜனவரி 8, புதன்

நாளை காலை ஏழு மணிக்கு அவர்கள் மூன்று பேரும் கிளம்புகிறார்கள். கூட இருக்கும் ஆளின் பெயர் என்ற இடத்தில் அத்தா கன்னியப்பன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். உறவு என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தம்பி என்று எழுதச் சொன்னாளாம் அம்மா. அத்தா திருத்தவில்லையாம்.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. நாளை லீவு போடக் கூடாது. பின்னால் இன்னொரு பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவும் கூடாது. கூப்பிடவில்லை.

2. கட்டிங்கில் டாக்டர் லெட்டர் யாருக்கு வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பேச வேண்டும். பெண்களிடம் நான் போகக் கூடாது, அங்கேயே வேலை செய்யும் தேவகி அக்காவைக் கேட்கச் சொல்ல வேண்டும். யாரிடமும் என்ன நோய் என்று எழுதி வாங்கக் கூடாது.

3. கேன்டீனில், எல்லாரும் இருக்கும்போது, மேலே எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். அத்தா இவ்வளவு நாள் மாமாவைத் திட்டியது இந்த ஆட்கள் முன்னால்தான்.

4. மாமாவுக்கு நாளை ஒரு தடவை மட்டும் போன். முடிந்ததா என்று கேட்டு வைத்துவிட வேண்டும்.

5. ட்யூப் எடுக்கும் அன்று கூட யார் வர வேண்டும் என்று அத்தாவைக் கேட்க வேண்டும். மாமா என்று சொன்னால், சரி என்று சொல்ல வேண்டும்.